ரெண்டுக்கும் சேர்த்து

டிசம்பர் இருபதாம் தேதி பிறந்தது அந்தக் குழந்தையின் குற்றமா? யாரைக் கேட்டுக்கொண்டு பிறந்தது அது? அந்த மாதம் முழுக்க, கண்ணில் பட்ட எல்லோரிடமும் அத்தை இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் சொல்லத்தான் ஆளில்லை.

அவள் ஒரு நான்கு மாடிக் கடையில், மூன்றாவது மாடியில், பரிசுகளுக்குக் காகிதம் சுற்றித் தரும் மேஜையில் பதினோரு வருடமாக நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிஜமாகவே நிற்பதுதான். நாற்காலி போட்டால் வேலை ஓடாது என்பது மேலாளரின் கண்டுபிடிப்பு. அண்ணனுக்குப் பெண் பிறந்த இந்த இரண்டு வருடமாக அவள் வாயில் வேறு பேச்சே கிடையாது. அதனால் கடையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்குமே அவள் அத்தைதான். அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வைத்த செல்லப் பெயர் வாண்டு. பெயருக்கு ஒரு குறையும் வைக்காமல் நடந்துகொண்டிருந்தது அது.

டிசம்பர் பிறந்துவிட்டால் கடையில் பிறந்தநாள் காகிதத்தையெல்லாம் கிட்டங்கியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். சிவப்பும் பச்சையும் மணியும் நட்சத்திரமும் மட்டும்தான் மேஜைக்கு வரும். பரிசோடு கட்டிவிடும் சீட்டில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்றில் ‘பிறந்தநாள்’, மற்றதில் ‘கிறிஸ்துமஸ்’. ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். ஆனால் தினமும் நாலு பேராவது வந்து, ஏதோ பெரிய புத்திசாலித்தனத்தைக் கண்டுபிடித்தவர்கள் போலச் சிரித்துக்கொண்டே, “ரெண்டுலயும் போட்டுடுங்கம்மா” என்பார்கள்.

அப்படி வந்த ஒருவரிடம் அத்தை கேட்டாள், “சார், உங்க பிறந்தநாள் எப்போ?”

“மார்ச்சுல. ஏன்?”

“அதையும் கிறிஸ்துமஸோட சேர்த்துக்கலாமே. மூணு மாசம்தானே வித்தியாசம்? வீட்டுல சொல்லிப் பாருங்க, சந்தோஷப்படுவாங்க.”

மனிதர் நேராக மேலாளரிடம் போய்விட்டார். மேலாளர் வந்து, “என்னம்மா நீ, வர்றவங்ககிட்டயெல்லாம் வம்பு இழுக்கறே?” என்றார். வம்பாம்! பச்சைக் குழந்தையின் பங்கை முழுங்குகிறவன் நல்லவன், கேட்கிறவள் வம்புக்காரி!

அவளுக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்று கேட்கலாம். அவளும் டிசம்பர்க்காரி. இருபத்திமூன்றாம் தேதி. முப்பத்தாறு வருடமாக அவளுக்குப் பிறந்தநாள் என்று ஒன்று தனியாக வந்ததே இல்லை. அம்மா இருந்தவரை அன்றைக்குக் காலையில் கன்னத்தில் ஒரு முத்தம் கிடைக்கும், அதோடு சரி. அண்ணன் ஜூனில் பிறந்தவன். அவனுக்கு ஜூனில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. ராஜா மாதிரி வருடத்துக்கு இரண்டு அறுவடை.

ஒன்பது வயதில் அவள் சக்கர ஷூ கேட்டு அழுதாள். வாங்கித் தந்தார்கள். அப்பா அந்த ஷூக்களைத் தூக்கிக் காட்டி, “இந்தக் காலுக்குப் பிறந்தநாள், அந்தக் காலுக்குக் கிறிஸ்துமஸ்” என்றார். வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரிகிறது. ஏன் சிரித்துத் தொலைத்தோம்?

சின்னவளாக இருந்தபோது, “அதுக்கு என்ன தெரியும்” என்றார்கள். கொஞ்சம் வளர்ந்ததும், “இவ்வளவு பெரிய பொண்ணுக்குப் பரிசு என்ன வேண்டிக்கிடக்கு” என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் எந்த வயதில் கேட்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. போகட்டும், தன் கதை முடிந்த கதை. இந்த வாண்டுக்கு இது நடக்கக் கூடாது. முதல் பிறந்தநாளில் குழந்தைக்குக் காய்ச்சல், ஒன்றும் செய்யவில்லை. இந்த வருடம் விட்டால் பழகிவிடும். வீடு பழகிவிட்டால் அப்புறம் ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

அவள் அக்டோபரிலிருந்தே பார்க்கத் தொடங்கிவிட்டாள். கடையில் பொம்மைகளை அல்ல, வாண்டை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்ப்பாள். வாண்டு கரண்டி கிடைத்தால் போதும், தட்டு, கதவு, தாத்தாவின் முழங்கால் என்று ஒன்று விடாமல் தட்டும். யார் கைப்பை கிடந்தாலும் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடும். ஜிப்பைத் திறக்கும், மூடும், திறக்கும். ஆக, பிறந்தநாளுக்கு மரச் சுத்தியலும், தட்டினால் பலகையில் இறங்கும் வண்ணக் கட்டைகளும். கிறிஸ்துமஸுக்கு நாலு ஜிப் வைத்த சின்னத் தோள்பை. மழைக்காலத்துக்குச் சின்ன பூட்ஸ் என்பதையும் மனதில் குறித்துவைத்திருந்தாள். இரண்டு வயதுக் குழந்தைக்கு டிசம்பரில் பத்து பொம்மையைக் கொட்டிவிட்டு அடுத்த டிசம்பர் வரை வெறுங்கையைக் காட்டுவது என்ன நியாயம்?

பதினெட்டாம் தேதி காலை அவள் மேஜைக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. பெட்டி என்றால் சாதாரணப் பெட்டியா, அவள் இடுப்பு உயரம். உள்ளே பொம்மைச் சமையலறை. அடுப்பு, குழாய், அலமாரி எல்லாம் உண்டு. பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் ‘நான்கு வயதுக்கு மேல்’ என்று போட்டிருந்தது. வீட்டுக்கு அனுப்ப வேண்டிய சரக்கு. முகவரியைப் படித்தாள். அண்ணன் வீடு.

கூட ஒரு குறிப்பு. அண்ணனின் கையெழுத்து. ‘பிறந்தநாள், கிறிஸ்துமஸ் ரெண்டுக்கும் சேர்த்து. அன்புடன் அப்பா, அம்மா, தாத்தா, அத்தை.’

அத்தை! கேட்டீர்களா அநியாயத்தை! அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு போன் இல்லை. அவளையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டான்! எந்த மேஜையில் யார் நிற்கிறாள் என்றுகூட யோசிக்காமல் அவள் கடையிலேயே வாங்கியிருக்கிறான்! அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பக்கத்து மேஜைக்காரி, “அத்தை, தண்ணி குடிக்கறீங்களா?” என்றாள்.

“குடிக்கறேன். முதல்ல கிட்டங்கிச் சாவியை வாங்கிட்டு வா.”

பூட்டிவைத்த பிறந்தநாள் காகிதத்தில் ஒரு சுருள் வெளியே வந்தது. மஞ்சள் நிறம், அதில் பலூன்கள். அவ்வளவு பெரிய பெட்டிக்கு ஒரு சுற்று போதவில்லை. மூன்று துண்டு ஒட்டி, ஒட்டு தெரியாமல் மடித்தாள். கோபத்திலும் அவள் மூலை மடிப்பு பிசகாது. மேலே வெள்ளை ரிப்பன். சீட்டில் பிறந்தநாள் கட்டத்தில் மட்டும், பேனா காகிதத்தைக் கிழிக்கும்படி ஒரு டிக். அனுப்புகிறவர்கள் வரிசையில் அத்தையை எழுதவே இல்லை. ‘இருபதாம் தேதிக்கு முன் கொடுக்கக் கூடாது’ என்று வண்டிக்காரருக்குக் குறிப்பும் வைத்தாள்.

இருபதாம் தேதி சாயங்காலம் அவள் சுத்தியல் பொட்டலத்தோடு அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தபோது, மஞ்சள் பெட்டி கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. மூலையில் விளக்கு மினுக்கும் கிறிஸ்துமஸ் மரம். மேஜையில் கேக். கேக்கின் மேல் சர்க்கரையில் செய்த கிறிஸ்துமஸ் தாத்தா, மூட்டையும் தாடியுமாக. வாண்டின் பெயர் எங்கே? மூட்டைக்குள் இருந்ததோ என்னவோ.

அண்ணன் அவளைப் பார்த்ததும் ஆரம்பித்தான். “ஏய் குட்டி, ரெண்டுக்கும்னு தெளிவா எழுதியிருந்தேனே. இதை இன்னைக்கே கொடுத்துட்டா கிறிஸ்துமஸுக்கு மரத்தடியில என்ன வைக்கறது?”

“இன்னொண்ணு வாங்கி வை.”

“அஞ்சே நாள்ல இன்னொண்ணா? ரெண்டு வயசு. அதுக்கு என்ன தெரியும்?”

அவ்வளவுதான். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் முப்பத்தாறு வருடமும் ஒன்றாகத் தொண்டைக்கு வந்துவிட்டது.

“அதுக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியுமில்ல? ஜூன்ல ஒண்ணு, டிசம்பர்ல ஒண்ணுன்னு கூச்சமே இல்லாம வாங்கினியே, அப்ப உனக்கு என்ன தெரிஞ்சுது? நாலு வயசுப் பொம்மையை ரெண்டு வயசுல கொடுத்து, இந்த வருஷம் அடுத்த வருஷம்னு எல்லாத்தையும் சேர்த்து முடிச்சிடலாம்னு பார்க்கறே! அப்படியே கல்யாணப் பரிசையும் இதுலயே சேர்த்துடேன்!”

“விடும்மா, நல்ல நாளும் அதுவுமா” என்றார் அப்பா. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் ஓட்டிய வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அத்தை அவர் பக்கம் திரும்பினாள். “அப்பா, என் பிறந்தநாள் எந்தத் தேதி?”

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “டிசம்பர்தான்… பதினெட்டு? இல்ல இல்ல, இருபத்திநாலு. கிறிஸ்துமஸுக்குப் பக்கத்துலதானே வரும்.”

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. பாவம், வயசாகிவிட்டது, மறதி. அண்ணனும் அப்படித்தான், ஆண்பிள்ளைக்குத் தேதியெல்லாம் எங்கே நினைவிருக்கும். இத்தனை வருடமும் இப்படிச் சொல்லித்தான் அவள் மனசைத் தேற்றி வைத்திருந்தாள். தெரிந்து செய்யவில்லை, மறந்துபோனார்கள். மறதியை யார்தான் என்ன செய்ய முடியும்?

“இருபத்திமூணு” என்றாள் அண்ணி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி மருந்துக் கடைக்காரி. காலாவதித் தேதி பார்த்துப் பார்த்துப் பழகிய கண். தேதி விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. வாண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு கேக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு எப்படி அண்ணி தெரியும்?”

“கல்யாணமான வருஷமே அத்தைகிட்ட கேட்டுக் குறிச்சு வச்சேன்.” அண்ணி அத்தை என்றது தன் மாமியாரை, அதாவது இவளுடைய அம்மாவை. “ஒவ்வொரு வருஷமும் முந்தின நாள் இவர்கிட்ட சொல்றேனே. நாளைக்குத் தங்கச்சி பிறந்தநாள், ஏதாவது வாங்கிட்டு வாங்கன்னு.”

“இவன் என்ன சொல்வான்?”

அண்ணி கணவனைப் பார்த்தாள். அவன் ரிமோட்டைத் தேடுகிறவன் போல மெத்தை இருக்கையைத் தடவிக்கொண்டிருந்தான்.

“மூணு நாள்ல கிறிஸ்துமஸ் வருது, அப்ப பார்த்துக்கலாம்பாரு.”

மறதி இல்லை. கல்யாணமான இந்த ஆறு வருடமாக, வருடம் தவறாமல் சொல்லியிருக்கிறாள். ஆறு வருடமும் காதில் வாங்கிக்கொண்டு, வேண்டாம் என்று விட்டிருக்கிறான். பதினோரு வருடம் நின்றே பழகியவள் அத்தை. பக்கத்தில் இருந்த மஞ்சள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அது உள்ளே நொறுங்குகிற சத்தம் கேட்டது.

“ஒரு போன் பண்ண எவ்வளவு நேரம் ஆகும்டா?” என்றாள். அண்ணனை அவள் டா போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “நான் பரிசா கேட்டேன்? அன்னைக்கு ஒரு நாள் நான் பிறந்தேன்னு சொல்ல ஒரு ஆள் கேட்டேன். அது தப்பா?”

“அப்படி இல்ல குட்டி… கெட்ட எண்ணமெல்லாம் இல்ல…”

“கெட்ட எண்ணம் இருந்தாக்கூட என்னைப் பத்தி ஒரு எண்ணமாவது இருந்துதுன்னு நினைச்சுக்குவேன்!”

அண்ணி வாண்டை மாமனாரின் மடியில் இறக்கினாள். கேக் மேலிருந்த சர்க்கரைத் தாத்தாவைப் பிடுங்கி ஒரு தட்டில் வைத்தாள். பிறகு கணவனிடம், “கிளம்புங்க. இந்நேரம் கடை திறந்துதான் இருக்கும். மரத்தடிக்கு ஒண்ணு. இருபத்திமூணுக்கு ஒண்ணு. வாங்காம வீட்டுக்குள்ள வராதீங்க” என்றாள். அவள் குரல் உயரவே இல்லை; அதனால்தான் அவன் உடனே எழுந்தான்.

வாசலில் ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டு நின்றவன், தங்கையை நோக்கித் தயங்கித் தயங்கிக் கேட்டான். “உனக்கு என்ன வேணும்? சொன்னா வாங்கிட்டு வந்துடறேன்.”

அவள் வாயைத் திறந்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எது பிடிக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறவள் அவள். தனக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு அவளிடம் ஒரு பதில்கூட இல்லை. இப்படி ஆக்கிவிட்டார்களே என்று கோபம் இன்னொரு மடங்கு ஏறியது. கண்ணும் நிறைந்துவிட்டது. அதை மறைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

“என்னைக் கேட்காதே” என்றாள். “உன் பொண்ணு என்கிட்ட வாயைத் திறந்து சொன்னாளா? ரெண்டு மாசம் அவளைப் பார்த்தேன். பார்த்துத்தான் வாங்கினேன். நீயும் என்னைப் பார்த்து வாங்கு.”

அண்ணன் ஒரு கால் ஷூவோடு அப்படியே நின்றான். அவன் கண் அவள் முகத்துக்கு வந்தது, காதோரம் நரைத்த முடிக்குப் போனது, காகித ஓரம் கீறிக் கீறித் தடித்துப்போன விரல்களில் வந்து நின்றது. தங்கையின் விரல்கள் இப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

“மூணு நாள் இருக்கு, அவசரமில்ல” என்றாள் அத்தை. “நல்லாப் பாரு.”