பெயருக்கு முன்னால் வந்த சொல்

2008 ஒக்டோபரில் வால்தம்ஸ்டோவில் விஜயரத்தினத்தின் பெயருக்குக் கவுன்சிலிலிருந்து வந்த கடிதத்தில், அவருடைய பெயருக்கு முன்னால், லண்டனில் உயிரோடிருக்கும் எவரும் பயன்படுத்தாத ஒரு சொல் அச்சாகியிருந்தது. நடுவில் ஒரு கியூ எழுத்து இருந்த அந்தச் சொல்லை எப்படி வாசிப்பது என்று அவருடைய மனைவி சந்திரவதனாவுக்குத் தெரியவில்லை. நடக்கமுடியாத தாயைக் கூட்டிவரவென்று இரண்டு வருடங்களுக்கு முன் வன்னிக்குப் போன விஜயரத்தினம், யுத்தம் மூண்டு பாதை பூட்டப்பட்டதால் அங்கேயே அகப்பட்டிருந்தார். கடிதம் வந்த அன்றுகூடத் தருமபுரத்திலிருந்து பதினொரு நிமிடம் தொலைபேசியில் பேசினார்.

கவுன்சிலில் விசாரித்தபோது, தங்கள் கணினியில் அப்படியொரு சொல்லே இல்லை என்றார்கள். மன்னிப்புக் கேட்டு அனுப்பிய கடிதத்திலும் அது இருந்தது. பல் வைத்தியரின் கடிதத்திலும் வந்தது, தேர்தல் அட்டையிலும் வந்தது. சந்திரவதனா வெள்ளை மை பூசி அழித்தாள். மை காய்ந்ததும் சொல் மேலே வந்து நின்றது.

நூலகத்தில் வேலைசெய்த மெற்றில்டா அதைப் பெரிய அகராதியில் கண்டுபிடித்தாள். அம்வைல் என்று வாசிக்கவேண்டும் என்றாள். ஆங்கிலேயரும் ஸ்கொட்லாந்துக்காரரும் ஒருகாலத்தில் எழுதிப் பின் கைவிட்ட சொல்.

"இடைக்கிடை எண்டு ஒரு கருத்து, வதனா. முந்தியொருக்கால் எண்டும் போட்டிருக்கு."

"மிச்சத்தையும் வாசியுங்கோ அக்கா."

மெற்றில்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஸ்கொட்லாந்தில் உயிலும் காணி உறுதியும் எழுதியவர்கள், இறந்துபோனவரின் பெயருக்கு முன்னால் அதை வைத்தார்கள் என்றாள்.

அடுத்த முறை அழைப்பு வந்தபோது சந்திரவதனா மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. விஜயரத்தினம் சிரித்தார். "ஸ்கொட்லாந்துக்காரனுக்கு என்னைப் பற்றி என்ன தெரியும்? நான் இஞ்ச நிண்டு உம்மோட கதைக்கிறன்தானே."

"எப்பிடியாவது வெளிக்கிட்டு வாங்கோ."

"அம்மாவை விட்டிட்டு ஏலாது, வதனா. தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் போவன்?"

ஜனவரியில் அழைப்புகள் நின்றன. மார்ச்சில் அந்தச் சொல் வட லண்டனில் எட்மண்டனில் நான்கு வீடுகளுக்கு வந்தது, பிறகு ஹரோவுக்கு. இங்கே ஒருபோதும் வசித்திராத தம்பிமாரின், மருமக்களின் பெயர்களுக்குக் கடிதங்கள் வந்தன. எல்லாப் பெயருக்கும் முன்னால் அது நின்றது. ஒரு வீட்டுக்கு ஒரே காலையில் ஆறு கடிதங்கள் வந்தன. மெற்றில்டாவுக்கு இப்போது அகராதி தேவைப்படவில்லை. கடிதத்தை நீட்டியவர்களின் முகத்தைப் பார்த்ததும் அவள் எழுந்து கதிரையைக் கொடுத்தாள். ஏப்ரலில் சனம் பாராளுமன்றத்தின் முன்னால் திரண்டது. போராட்டம் நடந்த எழுபத்து மூன்று நாளும் சந்திரவதனா போய் நின்றாள். அவள் தூக்கிப் பிடித்த கணவரின் படத்தின் கீழே அந்தச் சொல் மெதுவாக ஊறி வந்தது. பக்கத்தில் நின்ற பெண் தன் கைக்குட்டையால் அதை மூடிவிட்டாள்.

மே மாதத்தில் யுத்தம் முடிந்த பிறகு பலர் வீட்டில் இறந்தவர்களுக்குக் கிரியை செய்தார்கள். சந்திரவதனா செய்யவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. முகாமிலிருந்து தப்பி வந்த இருவரைத் தேடிப்போய்க் கேட்டாள். ஒருவர் விஜயரத்தினத்தைக் காணவேயில்லை என்றார். மற்றவர், அவர் தாயை ஒரு சில்லுக்கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனதைக் கண்டதாகவும், பிறகு அந்தப் பக்கம் புகையாக இருந்ததாகவும் சொன்னார். புரட்டாதியில் எட்மண்டனிலிருந்து அவளுடைய அண்ணன் சண்முகராசா வந்து, சோபாவின் நுனியில் இருந்துகொண்டு, கிரியைக்கு ஐயரிடம் நாள் கேட்கட்டுமா என்றார்.

"அந்தச் சொல்லுக்கு இடைக்கிடை எண்டும் ஒரு கருத்து இருக்கு, அண்ணை."

சண்முகராசா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இடைக்கிடை எண்டால் ஒருக்காலாவது வரோணுமே, பிள்ளை."

அன்றைக்குச் சமைத்த சோறு அப்படியே இருந்தது. அதன்பிறகு அவள் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருப்பதை விட்டுவிட்டாள். வேலைக்குப் போனாள், வந்தாள், படுத்தாள். விஜயரத்தினத்தின் பெயருக்குக் கடிதங்கள் குறைந்து, கார்த்திகையோடு அடியோடு நின்றுபோயின.

மார்கழியில் வைத்தியரிடமிருந்து அவளுக்கே ஒரு கடிதம் வந்தது. வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல் இப்போது அவளுடைய பெயருக்கு முன்னால் இருந்தது. வாசலில் நின்று இரண்டுதரம் வாசித்தாள். வெள்ளை மையைத் தேடவில்லை. எந்தக் கருத்தில் என்று மெற்றில்டாவிடம் கேட்கவும் போகவில்லை.

வியாழக்கிழமை கிளினிக் நிறையத் தடிமனும் இருமலும் பிடித்த சனம். வரவேற்பு மேசையிலிருந்த வெள்ளைக்காரப் பிள்ளை திரையைப் பார்த்து, எழுத்துக்கூட்டி, ஒருமாதிரியாக அழைத்தாள்: "அம்வைல் சந்திரவதனா?"

"ஓம்," என்று எழுந்து போனாள். வைத்தியர் இரத்த அழுத்தம் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதி, ஆறு மாதம் கழித்து வரச்சொன்னார்.