புகாரின் தன்மை: இதர

அந்தக் குடிநீர்த் துறைக் கிளை அலுவலகம் தொடங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தண்ணீர் வரவில்லை, கலங்கலாக வருகிறது, பக்கத்து வீட்டுக்கு மட்டும் வருகிறது என்று ஆயிரக்கணக்கில் புகார் வந்திருக்கிறது. தண்ணீர் அதிகமாக வருகிறது, தயவுசெய்து நிறுத்தித் தொலையுங்கள் என்று வந்தது ஒரே ஒரு புகார்தான். அதற்கு முழுக் காரணம் தேசிய கிரிக்கெட் அணியின் தேர்வுக் குழு.

அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு அணியை அறிவித்தார்கள். வால்வு ஆபரேட்டர் காதில் செல்போன் ரேடியோவைச் செருகிக்கொண்டு, மேட்டுத் தெருவின் வால்வை மூடுவதற்காக ஆளுயர இரும்புச் சாவியோடு குழியருகே நின்றிருந்தார். பதினைந்து பெயரையும் மூச்சு விடாமல் கேட்டார். அவருடைய ஆளின் பெயர் இல்லை. அவருடைய ஆள் என்றால் சொந்தமும் இல்லை, பழக்கமும் இல்லை. உள்ளூர்ப் போட்டிகளில் விக்கெட்டாக எடுத்துத் தள்ளிக்கொண்டு, நாலு வருஷமாகத் தேசிய அணியின் வாசலில் நிற்கும் ஓர் இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர்.

"ஸ்பின்னர் மூணு பேரும் வலதுகையா! அடப் பாவிங்களா, மூணு பேருமா!" என்று நடுத்தெருவில் கத்தினார். கத்திக்கொண்டே, மூட வேண்டிய வால்வைத் திறக்கிற பக்கமாகப் பன்னிரண்டு சுற்று சுற்றினார். பிறகு சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். மதியத்துக்குள் மேட்டுத் தெருவில் மொட்டைமாடித் தொட்டியெல்லாம் பொங்கி வழிந்து, காயப்போட்ட துணி இரண்டாம் முறை துவைபட்டது.

இந்த மனிதருக்கு ஆபீசில் 'கமிட்டி' என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் உண்டு. அது சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். அணி அறிவித்த மறுநாள் அறிவிப்புப் பலகையில் தன் சொந்த அணியை எழுதி ஒட்டுவார். தேர்வுக் குழுவுக்குக் கடிதமும் போடுவார். நாலு வருஷத்தில் முப்பத்தொரு கடிதம். கமிட்டியின் கையெழுத்தைக் கமிட்டியாலேயே படிக்க முடியாது என்பதால், வீட்டில் அவர் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல, மனைவிதான் எழுதுவாள். "ஐயா, தங்கள் குழுவில் கண் உள்ளவர் ஒருவர்கூட இல்லையா? திறமை வெயிலில் நிற்கிறது, உறவு நிழலில் உட்கார்ந்திருக்கிறது" என்று தொடங்கி, "இப்படிக்கு, வயிறெரிந்த ரசிகன்" என்று முடியும். மனைவி இடதுகையால் முத்து முத்தாக எழுதித் தருவாள். முப்பத்தொன்றில் ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை.

மனைவிக்கும் அதே ஆபீசில்தான் வேலை, புகார் கவுண்டரில். மேட்டுத் தெருப் புகாரைப் போனில் வாங்கியவளே அவள்தான். சிரிக்காமல் கேட்டு, சிரிக்காமல் படிவம் நிரப்பி, சிரிக்காமல் பொறியாளர் மேஜையில் வைத்துவிட்டு, கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள்.

பொறியாளர் ஒரு பெண்மணி. வயதில் சின்னவர், கோபத்தில் பெரியவர். "என்ன நடந்துச்சு?" என்று கமிட்டியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மூணு பேருமே வலதுகை மேடம்! நீங்களே சொல்லுங்க, நியாயமா?"

பொறியாளர் புகார்ப் படிவத்தை மடித்து ஓரமாக வைத்தார். "நியாயமே இல்ல. அடுத்த மாசம் மின்சாரத் துறையோட நமக்கு மேட்ச் இருக்கு. அஞ்சு வருஷமாத் தோத்துட்டு வர்றோம். இந்தத் தடவை டீமை நீங்களே எடுங்க. அப்பத் தெரியும்."

தண்டனை என்று நினைத்துத்தான் கொடுத்தார். கமிட்டிக்குத் தலைகால் புரியவில்லை. தெருத் தெருவாக வால்வைத் திறந்துகொண்டே விசிலடித்தார்.

பம்ப் ஆபரேட்டர் வேகப்பந்து, மீட்டர் ரீடர் தொடக்க ஆட்டம், ஸ்டோர் கீப்பர் விக்கெட் கீப்பிங் என்று பத்துப் பேரைப் பத்து நிமிஷத்தில் எழுதிவிட்டார். பதினொன்றாவது இடம் சுழற்பந்துக்கு. அங்கேதான் பேனா நின்றது.

ஏனென்றால் அந்த ஆபீசில் உருப்படியாகச் சுழற்பந்து போடும் ஆள் ஒருவர்தான். மூன்று வருஷமாகச் சாப்பாட்டு இடைவேளையில் பம்ப் ஹவுஸ் பின்னால், காலி பிளீச்சிங் பவுடர் டிரம்மை ஸ்டம்பாக வைத்து ஃபிட்டர்கள் ஆடுகிற ஆட்டத்தில், சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இடதுகையால் பந்து போடுகிற அந்த ஆள், கமிட்டியின் மனைவி. ஊழியர் யாராக இருந்தாலும் ஆடலாம் என்பதுதான் விதி. போன வருஷம் மின்சாரத் துறையில் இரண்டு பெண்கள் ஆடினார்கள். அடுத்த மாசக் கடைசியில் அவளுடைய கவுண்டரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றுகிறார்கள். இந்தக் கிளைக்காக அவள் ஆடுவதென்றால் இந்த ஒரு மேட்ச்தான். "இந்த வருஷமாவது போடணும்ங்க" என்று இரண்டு முறை சொல்லியும் இருந்தாள்.

ஆனால் கமிட்டிக்குப் பயம். சொந்த மருமகனை அணியில் சேர்த்தார் என்று தேர்வுக் குழுத் தலைவரை நாலு வருஷமாகத் திட்டித் தீர்த்த வாய் அது. இப்போது பொண்டாட்டியைச் சேர்த்தால் ஸ்டோர் கீப்பர் சும்மா விடுவாரா? ஆபீசே கைகொட்டிச் சிரிக்குமே! ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசியில் பதினொன்றாவது பெயராகத் தன் பெயரையே எழுதிக்கொண்டார். பக்கத்தில் 'அனுபவம்' என்று போட்டார். வயது நாற்பத்தாறு. வலது முட்டி மடங்காது.

திங்கட்கிழமை பலகையில் ஒட்டினார். மனைவி வந்து படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள். கவுண்டருக்குத் திரும்பிப் போய்விட்டாள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் சாப்பாடு வழக்கம்போல் ருசியாக இருந்தது. அதனாலேயே அவர் பாதியில் மூடி வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பொறியாளர் அறையிலிருந்து ஒரு புகார்ப் படிவம் வந்தது. எண் 4417. புகாரின் தன்மை என்ற இடத்தில் குழாய்க் கசிவு, அழுத்தக் குறைவு, மீட்டர் பழுது எல்லாவற்றையும் விட்டுவிட்டு 'இதர' என்பதில் டிக் அடித்திருந்தது. கீழே முத்து முத்தான எழுத்து.

'ஐயா, தங்கள் குழுவில் கண் உள்ளவர் ஒருவர்கூட இல்லையா? குழுவில் இருப்பதே ஒருவர்தான் என்பதால் இதைத் தங்களிடம் நேரடியாகவே கேட்கிறேன். திறமை வெயிலில் நிற்கிறது, முட்டி வலி நிழலில் உட்கார்ந்திருக்கிறது. மனைவியை எடுத்தால் உறவுக்காரி என்பார்கள் என்று பயம். தன்னையே எடுத்துக்கொண்டால் அது என்ன உறவு? இப்படிக்கு, வயிறெரிந்த ரசிகை.'

ஓரத்தில் பொறியாளர் பச்சை மையில் எழுதியிருந்தார்: 'விதிப்படி இருபத்து நாலு மணி நேரத்தில் நடவடிக்கை. புகார்தாரரின் கையெழுத்தோடு திருப்பவும்.'

கமிட்டியின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த ஆபீசில் எந்தப் புகாரையும் அமுக்க முடியாது. நேரில் போய்ப் பார்த்து, பழுதைச் சரிசெய்து, புகார் கொடுத்தவரிடம் 'குறை தீர்ந்தது' என்று கையெழுத்து வாங்கினால்தான் கணக்கு முடியும். கடித நடை முழுக்கத் தன்னுடையது. என் கத்தியாலேயே என்னைக் குத்தியிருக்கிறாள்! கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே வெட்கமும் வந்தது.

சாயங்காலம் வீட்டில் மெதுவாகத் தொடங்கினார். "ஏம்மா, இதெல்லாம் நம்ம வீட்டுக்குள்ள பேசி முடிச்சிருக்கலாம்ல?"

"ஆபீஸ் விஷயத்தை வீட்டுல பேசக்கூடாதுங்க. நாளைக்குக் கவுண்டர்ல வந்து பேசுங்க" என்று சொல்லிவிட்டு அவள் டிவியைப் போட்டாள்.

மறுநாள் கவுண்டரில் வரிசை. குழாயில் புழு வந்த ஒரு பெரியவர், மீட்டர் ஓடாத ஓர் அம்மாள், அவர்களுக்குப் பின்னால் கமிட்டி. குறுக்கே புகப் பார்த்தார். "வரிசையில வாங்க சார்" என்றாள் மனைவி. அவர் முறை வந்தது.

"4417 சம்பந்தமா வந்திருக்கேன்" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

"சொல்லுங்க."

"அது வந்து... பதினொரு பேர்தானே எடுக்க முடியும்? யாரையாவது விட்டுத்தானே ஆகணும்?"

"இதைத்தானே அந்தத் தேர்வுக் குழுவும் சொல்லியிருப்பாங்க? நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

பெரியவர் தன் புழுவை மறந்துவிட்டார். "என்ன தம்பி விஷயம்?" என்றார். மீட்டர் அம்மாள் அவருக்கு விளக்கினாள். அவளுக்கு எப்படித் தெரியுமோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். "இதுக்கு எதுக்குப் பேச்சு? அந்தப் பொண்ணு போடறதைப் போய்ப் பாரு. கள ஆய்வுன்னு ஒண்ணு உங்க ஆபீஸ்ல இருக்குல்ல?" என்று பெரியவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

ஆக, சாப்பாட்டு இடைவேளையில் கள ஆய்வு. கமிட்டி மட்டையோடு டிரம்முக்கு முன்னால் நின்றார். ஃபிட்டர்கள், பொறியாளர், பெரியவர், மீட்டர் அம்மாள் எல்லோரும் ஆஜர். மனைவி துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்து வந்து போட்டாள். பந்து அவருடைய கால் பக்கம் விழுந்தது. சுலபம் என்று மட்டையைச் சுழற்றினார். பந்து அவரைத் தாண்டி வெளிப்பக்கம் திரும்பி, டிரம்மில் 'டங்' என்று மோதியது.

"வெயில் கண்ணுல பட்டுச்சு" என்றார்.

இரண்டாவது பந்து. டங். "தரை சரியில்ல."

மூன்றாவது பந்தை விழித்த கண் விழித்தபடி பார்த்தார். காற்றில் தொங்கி, தயங்கி, இதோ வருகிறேன் என்று ஆசை காட்டி, கடைசி நொடியில் ஏமாற்றிக்கொண்டு போயிற்று. டங். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஐயோ, இந்தப் பந்துக்காகத்தானே நாலு வருஷமாக நாயாகக் கத்தினோம்! இதைத்தானே முப்பத்தொரு கடிதத்தில் எழுதினோம்! எழுதிய கையே இதுதானே! "இன்னொண்ணு போடு!" என்று கூச்சல் போட்டார். பந்து போடப் போட டிரம் அதிர்ந்தது. அவர் சந்தோஷத்தில் குதித்தார். முட்டி வலித்தது, அதற்கும் சிரித்தார்.

படிவத்தின் அடியில், தன் கோழிக்கிறுக்கலில், வழக்கமான ஆபீஸ் வாசகத்தை எழுதினார்: 'கள ஆய்வில் புகார் உண்மை எனத் தெரிய வந்தது. பழுதடைந்த பாகம் அகற்றப்பட்டு, சரியான பாகம் பொருத்தப்பட்டது.' பலகையில் இருந்த பட்டியலில் தன் பெயரை அடித்துவிட்டு மனைவி பெயரை எழுதினார். பக்கத்தில் 'அனுபவம்' என்று இருந்ததை மட்டும் அடிக்க மறந்துவிட்டார்.

கையெழுத்துக்குப் படிவத்தை நீட்டினால், அவள் பேனாவை மூடிவிட்டாள். "குழாயை மாத்திட்டோம்னு எழுதினாப் போதுமா? தண்ணி வரணும்ல? வந்தப்புறம் போடறேன்."

மேட்ச் அன்று கமிட்டிக்கு எல்லைக் கோட்டுக்கு வெளியே வேலை: ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவது. இத்தனை வருஷம் ஊருக்கே கொடுத்தவருக்கு இது ஒரு வேலையா! ஆனால் ஆட்டம் இழுத்துக்கொண்டே போய்க் கடைசி ஓவருக்கு வந்து நின்றது. மின்சாரத் துறைக்கு எட்டு ரன் வேண்டும், கையில் ஒரு விக்கெட். மட்டையோடு நிற்பது அவர்களுடைய லைன்மேன், கம்பத்தில் ஏறி ஏறி உரமேறிய தோள். கேப்டனான பம்ப் ஆபரேட்டர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"இடதுகைக்குக் குடுய்யா!" என்று கமிட்டி கத்தியது மின்சாரத் துறைக் கூடாரம் வரைக்கும் கேட்டது. கேப்டன் கொடுத்துவிட்டார்.

முதல் பந்து. லைன்மேன் இறங்கி வந்து தூக்கினார். பந்து கமிட்டியின் தலைக்கு மேலே பறந்து, வெளியே நின்ற வேனின் கூரையில் விழுந்தது. சிக்சர்! இன்னும் இரண்டே ரன்.

விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற ஸ்டோர் கீப்பர் திரும்பிப் பார்த்து, மைதானம் முழுக்கக் கேட்க, "எல்லாம் பொண்டாட்டி கோட்டா!" என்றார்.

எந்த வார்த்தைக்குப் பயந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செத்தாரோ, அந்த வார்த்தை வந்தே விட்டது. வந்ததும் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. "ஆமாய்யா, என் பொண்டாட்டிதான்! அடுத்த பந்தைப் பாரு!" என்று கமிட்டி திருப்பிக் கத்தினார்.

இரண்டாவது பந்து அதே நாலு எட்டு, அதே கை, ஆனால் இன்னும் மெதுவாக. காற்றில் தொங்கிற்று, தயங்கிற்று. லைன்மேன் இறங்கி வந்தார். கமிட்டிக்குப் பந்து தரையில் விழுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அத்தனை முறை 'டங்' வாங்கியவருக்குத் தெரியாதா? லைன்மேன் சுழற்றிய மட்டையைத் தாண்டிப் பந்து திரும்பிப் போய் வெளி ஸ்டம்பைச் சாய்த்தது. அஞ்சு வருஷத்துக்குப் பிறகு குடிநீர்த் துறை ஜெயித்தது!

கமிட்டி தண்ணீர்க் கேனோடு ஓடினார். வழியெல்லாம் தண்ணீர் கொட்டிற்று, மூடியைத் திறந்ததும் அவர்தான், மூட மறந்ததும் அவர்தான். மைதானத்தின் நடுவில் போய்ச் சேரும்போது கேனில் ஒரு டம்ளர்தான் மிச்சம். மனைவி அதைக் குடித்துவிட்டுக் கையை நீட்டினாள். "படிவத்தை எடுங்க."

சட்டைப் பையில் பாதி நனைந்திருந்தது. அவர் குனிந்து முதுகைக் காட்ட, அதன்மேல் தாளை வைத்து, இடதுகையால் கையெழுத்துப் போட்டாள். கருத்து என்ற இடத்திலும் ஏதோ எழுதினாள். முதுகு கூசியது, என்ன எழுதுகிறாள் என்று புரியவில்லை. நிமிர்ந்து வாங்கிப் படித்தார்.

'குறை தீர்ந்தது. நம் வீட்டிலிருந்து போன முப்பத்திரண்டு கடிதத்தில் பதில் வந்தது இதற்கு மட்டும்தான்.'