டோரதிக்கு மூன்று நிமிடம்

1

இந்தக் கதை என் கோபத்தில் பிறந்தது. இந்த 1961இல், போன மாதம், ஸ்ரீரங்கம் தபாலாபீசிலிருந்து சென்னைப் பத்திரிகை ஆசிரியரிடம் டிரங்க்காலில் பேசிக்கொண்டிருந்தேன். வெளியூர் போனுக்கு மூன்று நிமிடத்துக்கு ஒரு கட்டணம். திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு பெண் குரல் குறுக்கிட்டது: "மூணு நிமிஷம் ஆயிடுச்சு சார், நீட்டிக்கவா?" வாய்க்கு வந்தபடி திட்டினேன். "சரிங்க சார்" என்றாள். குரல் நடுங்கியது. பெயர் தெரியாது, டோரதி என்று நானே வைத்தேன்.

2

(முதல் தொடக்கம்: "டோரதியின் இதயம் ஒரு சிறு பறவையைப் போல..." சீ, வேண்டாம்.)

டோரதிக்கு நெஞ்சு படபடக்கும். தூக்கம் கிடையாது. இரண்டு வாரத்தில் படபடப்பு அடங்காவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று புத்தூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளுக்கோ அந்த வேலைதான் உயிர்.

நாள் முழுக்க ஊரார் அவசரத்தைக் காதில் வாங்குகிறவள். வீட்டுக்கு வந்தும் அது இறங்குவதில்லை. ஒருநாள் தங்கை பாக்கியமேரி மாமியாரைப் பற்றிச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். டோரதி கடிகாரத்தைப் பார்த்து, "மூணு நிமிஷம் ஆயிடுச்சு, நீட்டிக்கவா?" என்று கேட்டுவிட்டாள். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

3

முதல் பிரதியில் டோரதியை டெலிபோன் சுவிட்ச்போர்டின் முன்னாலேயே சாகடித்தேன். (திட்டியவன் திருந்த ஒரு பிணம் வேண்டுமாம். என்ன திமிர் எனக்கு!) கிழித்துப் போட்டேன். இரண்டாவதில் கல்யாணம் செய்துவைத்தேன். கல்யாணம் எந்தப் படபடப்புக்கு மருந்து? அதையும் கிழித்தேன்.

4

தங்கையிடம் இப்படிக் கேட்டுவிட்டேனே என்று எக்ஸ்சேஞ்சில் பக்கத்து நாற்காலி நஜீமாவிடம் டோரதி அழுதாள். நஜீமா சிரிக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் மூணு நிமிஷம் குடுக்கிறியே, உனக்கு என்னைக்காச்சும் குடுத்திருக்கியா? போ. உன் போர்டையும் நான் பாத்துக்கறேன்."

டோரதி பின்படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். முதல் நாள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். (கட்டுரையாக இருந்தால் மூச்சுப்பயிற்சி என்று எழுதுவேன். அவள் சும்மா உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.) தினமும் போனாள்; நஜீமா போகும்போது இவள் பார்த்துக்கொண்டாள். நான்காம் நாள் மூச்சு நிதானமாக வந்தது. ஒரு வாரத்தில் தூக்கமும் வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து தங்கை வீட்டுக்குப் போனாள். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தாள்.

"சொல்லு மேரி" என்றாள்.

5

மறுநாள் இரண்டு வாரக் கெடு முடிகிறது, டாக்டரிடம் போகவேண்டும். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்து

(இங்கே நிறுத்திவிட்டேன். நான் எழுதினால் மறுபடியும் அவசரப்படுவேன்.)

நேற்றும் டிரங்க்கால் பேசினேன். அதே கேள்வி குறுக்கிட்டது, குரல் நடுங்கவில்லை. போன மாதம் திட்டியவன் நான்தான், மன்னிக்க வேண்டும் என்றேன்.

"அவசரமில்ல சார், சொல்லுங்க" என்றாள்.

டாக்டர் என்ன சொன்னார், அந்தக் குரல் யாருடையது, இரண்டையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் நேற்று நன்றாகத் தூங்கினேன்.