ஸப்னாவின் பெயர் எழுதிய டிஸ்க்

கல்முனையில் வேலை செய்த கார்ட் நிந்தவூரில் வேலை செய்யவில்லை. இது இரண்டாவது தடவை.

ஜெனூபா மேசையை முறைத்துப் பார்த்தாள். லெப்டொப். அதன் வயிற்றிலிருந்து வெளியே வந்த தட்டையான கேபிள். கேபிளின் முடிவில் ஒரு சின்னப் பலகை. பலகையின் மேல் செங்கல் பருமனில், பெரிய கம்பியூட்டருக்குப் போடுகிற கிராஃபிக்ஸ் கார்ட். பக்கத்தில் அதற்கு மின்சாரம் ஊட்டும் பவர் சப்ளைப் பெட்டி.

கார்ட்டின் இரண்டு விசிறிகளும் சுற்றின. திரையில் மட்டும் கார்ட்டின் பெயர் இல்லை. அப்படியொரு பொருள் தன்னோடு சேரவேயில்லை என்று லெப்டொப் சாதித்தது.

மூன்று மணித்தியாலத்துக்கு முன்னால், கல்முனையில் ஷிப்லியின் கம்பியூட்டர் திருத்தும் கடையில், இதே திரையில் அந்தப் பெயர் இருந்தது. அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

"மாத்திட்டான்," என்றான் அவள் கணவன் நளீர், ஓட்டோச் சாவியை விரலில் சுழற்றியபடி. "நல்லத வெச்சிக்கிட்டு பழசத் தந்திரிக்கான்."

"இல்ல. இதப் பாருங்க." கார்ட்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. ஏதோ ஒரு மணப்பெண் மறந்துவிட்டுப் போன நகப்பூச்சு. கடைக்குக் கொண்டுபோகுமுன் ஜெனூபாவே வைத்த அடையாளம். "என்ட புள்ளிதான்."

"ஏன் புள்ள, ஒரு புள்ளி வைக்க அவனுக்குத் தெரியாதா?"

அந்தக் கேள்வி அவளுக்கும் இருந்தது.

ஜெனூபா கலியாண வீட்டில் பெண்கள் பக்கத்தைப் படம் பிடிப்பவள். ஆண்கள் பக்கத்தை யாரும் பிடிக்கலாம். பெண்கள் பக்கம் அப்படியல்ல. முக்காடு இல்லாமல், முடியில் பூவோடு, சிரித்துக் கொண்டிருக்கிற பெண்கள். அந்தப் படம் பெண்ணின் உம்மா கைக்குப் போகவேண்டும். வேறு எந்தக் கண்ணிலும் படக்கூடாது. நிந்தவூரிலிருந்து மருதமுனை வரைக்கும் ஜெனூபாவைத் தேடி ஆட்கள் வருவதற்கு அவளுடைய கெமரா காரணமல்ல. அவளுடைய ஒரு சொல்தான் காரணம்: "படம் என்ட கைய உட்டு வெளிய போகாது."

அதனால் லெப்டொப் திருத்தப் போகும்போதெல்லாம், படங்கள் இருக்கிற மெல்லிய ஹாட் டிஸ்க்கைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துவிடுவாள். கடையில் அந்தப் பை அவள் மடியைவிட்டு இறங்காது. வீட்டுக்கு வந்ததும் பிஸ்மில்லாஹ் சொல்லித் திரும்பப் பூட்டுவாள். அதற்குப் பிறகுதான் மற்ற வேலை.

இப்போது அந்த டிஸ்க்கில் இருந்தது சாய்ந்தமருது முனவ்வறா மாமியின் மூத்த மகள் ஸப்னாவின் கலியாணம். வெள்ளிக்கிழமை ஸப்னா மாப்பிள்ளையோடு கட்டாருக்குப் பறக்கிறாள். வியாழன் பின்னேரம் வீடியோ மாமியின் கையில் இருக்கவேண்டும். லெப்டொப் தனியாக அதை முடிக்க முப்பத்தெட்டு மணித்தியாலம் கேட்டது. பாதியில் சூடேறி இரண்டு முறை மயங்கியும் விழுந்தது. அதற்காகத்தான் இந்தக் கார்ட்.

இன்று செவ்வாய்.

போன் அடித்தது. ஷிப்லி.

"ராத்தா, வீட்ட வேலை செய்யுதா?"

"இல்ல தம்பி. போன முறை மாதிரித்தான்."

"அப்ப ஒண்டு செய்ங்க. நாளைக்கு வரக்குள்ள அந்த ஹாட் டிஸ்க்கையும் கொண்டாங்க."

"எந்த டிஸ்க்?"

"நீங்க கழட்டி வெச்சிக்கிற டிஸ்க். மூலையில வெறும் இடம் இரிக்கே, நான் கண்ட தானே."

"அது எதுக்கு ஒனக்கு?"

"அது இல்லாம கார்ட்டுக்கு என்ன வருத்தமெண்டு புடிபடாது ராத்தா."

அவள் போனை வைத்தாள்.

நளீர் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினான். "எந்த ஷிப்லி இவன்? மருதமுனையானா? பஸாருக்குப் பின்னால கடை?"

"ஓம். ஏன்?"

"அல்லாஹ்வே! ஸப்னாவப் பொண்ணு கேட்டுப் போனவன் அவன்தான் புள்ள! மூணு வருஷத்துக்கு முந்தி. மாமி வாசலுக்குள்ளயே எடுக்கல்ல. ஊரெல்லாம் சிரிச்சாங்க."

ஜெனூபா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் நாள் அவன் கேட்டது நினைவுக்கு வந்தது. "கலியாண வீடியோவா ராத்தா? யார்ட?" அவள் ஸப்னாவின் பெயரைச் சொன்னாள். அவன் தலையைக் குனிந்து, ஏற்கெனவே இறுகியிருந்த திருகாணியை இன்னொருமுறை இறுக்கினான். இன்று காலை கேட்டது: "எப்ப குடுக்கோணும்?" இப்போது: டிஸ்க்கைக் கொண்டா.

கடையில் வேலை செய்கிறது. வீட்டில் வேலை செய்யாமல் போகிறது. திரும்பத் திரும்ப அவளை வரவழைக்க இதைவிட நல்ல வழி உண்டா?

"வேற கடைக்குப் போவம்," என்றான் நளீர்.

"ரெண்டு நாளைக்குள்ள இந்தக் கூத்தையெல்லாம் யாரு பார்க்கிற? அதோட, இவன் என்ன செய்றானெண்டு எனக்குத் தெரியோணும்."

அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய டிஸ்க் கிடந்தது. அதே வகை, அதே அளவு. அதில் இருந்ததெல்லாம் அவள் எப்போதோ எடுத்த வட்டிலப்பம் செய்கிற வீடியோக்கள். கோப்புகளின் பெயர்களை மாற்றினாள்: மருதாணி, மணமேடை, சாப்பாடு. பிறகு வெள்ளை லேபல் ஒன்றை ஒட்டி, மையால் தெளிவாக எழுதினாள்.

ஸப்னா. பெண்கள் பக்கம்.

இந்த வகை டிஸ்க்குக்கு ஒரு குணம் உண்டு. தன்னிடமிருந்து மொத்தம் எவ்வளவு வாசித்தார்கள் என்று அதுவே எண்ணிக்கொண்டிருக்கும். அழிக்க முடியாது. ஜெனூபா அந்த எண்ணைப் பார்த்தாள். 4,112 ஜிபி. முழுதையும் எவனாவது பிரதி எடுத்தால் எண் இருநூறு ஏறிவிடும்.

பொறி தயார்.

புதன் காலை பஸ்ஸில் ஏறும்போது அசல் டிஸ்க் வீட்டுப் பெட்டகத்துக்குள் இருந்தது. சாவி அவள் கழுத்தில்.

ஷிப்லி லேபலைப் பார்த்தான். ஒரு நொடி. அதற்குமேல் இல்லை. ஆனால் அந்த ஒரு நொடியை ஜெனூபா தவறவிடவில்லை.

"நீ பாரு தம்பி. நான் சீலைக் கடைக்குப் போய்ட்டு ஒரு மணித்தியாலத்துல வாறன்."

"இல்ல ராத்தா, இரிங்க." அவன் குரல் அவசரப்பட்டது. "நீங்க பக்கத்துல இருந்தாத்தான் நல்லம்."

நடிக்கிறான் என்று நினைத்தாள். "அவசரம் தம்பி," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

சீலைக் கடையில் மருதமுனைச் சாரிகளை விரித்துக் காட்டினார்கள். எந்த நிறத்தையும் அவள் பார்க்கவில்லை. போன் மணிக்கூட்டை மட்டும் பார்த்தாள். பிரதி எடுக்க ஒரு மணித்தியாலம் தாராளம்.

திரும்பி வந்தபோது ஷிப்லி மேசைக்கு முன்னால் அசையாமல் இருந்தான். இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்திருந்தான்.

"வருத்தம் புடிபட்டுட்டு," என்றான். "இஞ்ச வாங்க. நீங்களே பாருங்க."

திரையில் கார்ட்டின் பெயர் இல்லை! அவன் கடையிலேயே, அவன் கண்முன்னாலேயே, இல்லை.

லெப்டொப்பை நிறுத்தினான். டிஸ்க்கைக் கழற்றினான். லெப்டொப்பைத் திரும்பப் போட்டான். கார்ட்டின் பெயர் வந்தது. மறுபடி நிறுத்தி, டிஸ்க்கைப் பூட்டி லெப்டொப்பைப் போட்டான். பெயர் மறைந்தது.

"உள்ளுக்கு வாசல் ரெண்டு, ராத்தா. ஒழுங்கை, போற பாதை, ஒண்டுதான். கார்ட்ட கேபிள் பூட்டுற வாசலும் டிஸ்க்குட வாசலும் ஒரே ஒழுங்கையாலதான் போகுது. டிஸ்க் இருந்தா ஒழுங்கைய அது புடிச்சிக்கும். கார்ட்டுக்கு வழி இல்ல. நீங்க ஒவ்வொரு முறையும் டிஸ்க்கக் கழட்டிட்டுக் கொண்டாறீங்க. எனக்கு எல்லாம் நல்லா வேலை செய்யுது. வீட்ட போய்ப் பூட்டுறீங்க. கார்ட் மவுத்து."

ஜெனூபா எதைக் காப்பாற்ற டிஸ்க்கைக் கழற்றினாளோ, அந்தக் கழற்றல்தான் இவ்வளவு நாளும் குறையை அவன் கண்ணில் படாமல் மறைத்திருந்தது.

"டிஸ்க்க ஒரு யூ.எஸ்.பி. கூட்டுக்குள்ள போட்டு வெளியால கொழுவுங்க. போதும்." அவன் சின்னக் கூடு ஒன்றை நீட்டினான். அதோடு ஒரு பென் டிரைவையும்.

"இது என்ன?"

ஷிப்லி கூரை மூலையைக் காட்டினான். கடைக் கெமரா. அது பதிவதெல்லாம் இந்தப் பென் டிரைவில்தான். "நீங்க எறங்கினதுல இருந்து ஏறினது வரைக்கும். முழுக்க இரிக்கி."

"நான் கேக்கல்லயே."

"நீங்க கேக்க மாட்டீங்க. மாமி கேப்பா." அவன் சிரிக்க முயன்றான், சிரிப்பு சரியாக வரவில்லை. "பேர எழுதி ஒட்டி, டிஸ்க்க என்னோட தனிய உட்டுட்டுப் போறீங்க. போன முறை பைய மடியால எறக்காத ஆள்! எனக்கு வெளங்காதா ராத்தா? மாமிதான் என்னய மாட்ட ஒங்கள அனுப்பியிரிக்கா எண்டு நெனச்சன்."

"மாமி அனுப்பல்ல."

"அப்ப நீங்களாத்தான் வெச்ச பொறி."

ஜெனூபா பென் டிரைவை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பழைய டிஸ்க்கைச் செருகி எண்ணைப் பார்த்தாள். 4,113. போட்டு எடுத்ததற்கு ஏறிய ஒன்று. அவ்வளவுதான்.

வியாழன் மதியம் லுஹர் தொழுது முடித்தபோது வீடியோவும் முடிந்திருந்தது. மூன்று மணித்தியாலம், லெப்டொப் ஒருமுறைகூட மயங்கவில்லை.

பின்னேரம் சாய்ந்தமருதில், முனவ்வறா மாமி வீடியோவை வாங்கி மடியில் வைத்தாள். பார்க்கவில்லை. ஜெனூபாவைப் பார்த்தாள்.

"மகள், நேத்து நீ கல்முனையில ஒரு கடையால எறங்கினதக் கண்ட ஆள் இரிக்கி. யார்ட கடை?"

வாசலில் நின்ற நளீர் மெல்லத் தலையை ஆட்டினான். சொல்லாதே.

சொல்லாவிட்டாலும் மாமிக்குத் தெரியும். பொய் சொன்னால் அந்த ஒரு சொல்லும் போய்விடும். நாளைக்கு எந்தப் பெண்ணின் உம்மாவும் அவளைக் கூப்பிடமாட்டாள்.

"ஷிப்லிட கடை மாமி."

மாமியின் கையில் உருண்டுகொண்டிருந்த தஸ்பீஹ் மணிமாலை நின்றது. "என்ட புள்ளட படத்தக் கொண்டு போய் அவன்ட..."

"ஸப்னாட படம் வீட்ட உட்டு அசையல்ல. வல்லாஹி. நான் கொண்டு போனது வேற டிஸ்க். பேர மட்டும் எழுதி, அவனச் சோதிக்க." கைப்பையிலிருந்து ஷிப்லி தந்த பென் டிரைவை எடுத்தாள். "அந்த ஒரு மணித்தியாலம் இதுக்குள்ள இரிக்கி. நீங்களே பாருங்க."

டீவியில் கடை தெரிந்தது. ஷிப்லி டிஸ்க்கைப் பூட்டுகிறான், கழற்றுகிறான், பூட்டுகிறான். லெப்டொப்பின் திரையைக் கெமராவுக்கு நேரே திருப்பி வைக்கிறான். பிறகு கைகளை மேசைமேல் விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறான். வாடிக்கையாளர் ஒருவர் வருகிறார். இருந்த இடத்திலிருந்தே தலையை ஆட்டி அனுப்புகிறான். கைகள் அசையவில்லை.

"ஏன் இவன் கைய மேல வெச்சிட்டு இரிக்கான்?" என்றாள் மாமி.

"நம்மளுக்குப் பயந்து."

மாமி முன்னால் சாய்ந்து பார்த்தாள். படம் முடிந்தது.

"நடுவுல ஒண்டும் வெட்டல்லயே?"

"வெட்டி ஒட்டுறதுதான் மாமி என்ட தொழில். வெட்டியிருந்தா எனக்குத் தெரியும்."

முனவ்வறா மாமி ரிமோட்டை எடுத்தாள். அந்த ஒரு மணித்தியாலத்தைத் திரும்பவும் முதலிலிருந்து ஓடவிட்டாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னாள்:

"சின்னவள்ட நிக்காஹ் ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பொறகு. திகதிய எழுதிக்க."