மிதவையில் சிக்கிய வலை

நான் மிதவையைத் தொடவே இல்லை. இதை எத்தனை தடவைதான் சொல்வது? மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையில், ஷாமியானா நிழலில், நடுவர் தெரசம்மாள் விதிப்புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். எதிரே சேலத்து வின்சென்ட். பாய்மரப் படகுப் பந்தயத்தில் எனக்குப் பின்னால் வந்தவன். என்மேல் புகார் கொடுத்தவனும் அவன்தான். படகுகள் திரும்ப வேண்டிய ஆரஞ்சு மிதவையை உரசிவிட்டால், உடனே படகை ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். நான் சுற்றவில்லை. தொட்டதாகத் தீர்ப்பானால் இந்தப் பந்தயம் எனக்கில்லை. மாநில அணியும் போச்சு. 'போர் போடுற ரிக் லாரி டிரைவர் பொண்ணு பாய்மரம் ஓட்டுறாளாம்' என்று சிரிக்கும் எங்கள் திருச்செங்கோட்டுச் சொந்தங்களுக்கு ஒரு வருஷத்துக்குப் பேச்சு கிடைத்துவிடும்.

என் படகு உரசியது மிதவையைச் சுற்றிக் கிடந்த மீன்வலையின் தெர்மாகோல் கட்டையை. அதை வின்சென்ட்டும் மறுக்கவில்லை.

"ஆனா மேடம், வலையை யாரோ மிதவைல கட்டியிருக்காங்க. வேணும்னு கட்டுனது எதுவா இருந்தாலும் மிதவையோட சேர்த்திதான். ரூல் அப்படித்தானே?"

அப்படித்தான். பாவி, ஒரு வரி விடாமல் படித்திருக்கிறான். வலை தானாக வந்து சிக்கியிருந்தால் தப்பித்தேன். யாராவது கட்டியிருந்தால் தொலைந்தேன். அதைச் சொல்ல வேண்டியவர் வலைக்காரர். பந்தயப் பாதையில் வலை விடக்கூடாதென்று நேற்றே மைக்கில் சொல்லியிருந்தார்கள். பிறகு எவர் வந்து என் வலை என்பார்?

வந்தார். பரிசலைக் கரையில் கவிழ்த்துவிட்டு, ஈர லுங்கியோடு நடந்து வந்தார் மீனவர் காளியப்பன்.

"அது என்ற வலைங்க. பாதையில வுடக்கூடாதுன்னாங்க, கேக்காம வுட்டுட்டேன். தப்புத்தானுங்க."

"மிதவையில கட்டினீங்களா?" என்றார் நடுவர்.

"இல்லீங்கம்மா. கல்லுக் கட்டித்தான் வுட்டேன். விடியக்காத்து இழுத்துட்டுப் போயிருச்சுங்க. முடிச்சு இருக்குதான்னு நீங்களே பாருங்க."

மீட்புப் படகில் போய்ப் பார்த்தார்கள். ஒரு முடிச்சுகூட இல்லை. "அபிநயாமேல தப்பில்ல" என்று சொல்லி நடுவர் கையெழுத்துப் போட்டார். வின்சென்ட் கை நீட்டினான். சரி போ என்று குலுக்கினேன். மிதவையை விடுவிக்க வலையை அறுக்க வேண்டியிருந்தது. துண்டுகளைக் கொண்டுவந்து காளியப்பனிடம் கொடுத்தார்கள். அவர் அவற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஏனுங்கண்ணா, நீங்க பேசாம இருந்திருக்கலாமில்லங்க?"

"நான் போடாத முடிச்சுக்கு நீ எதுக்கு சாமி மாட்டோணும்? அடுத்த பந்தயம் எப்போ?"

"ரெண்டு மணிக்குங்க."

"சரி, வாரேன்" என்று பரிசலைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனார். நன்றி என்ற ஒரு சொல்லைக்கூட நான் சொல்லி முடிக்கவில்லை. இந்த மனுஷர் நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்று மனசு அடித்துக்கொண்டது.

வீட்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். இரண்டு மணிக்குப் பாயை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது பார்க்கிறேன், நடுத்தண்ணீரில் அவர் பரிசல். எங்கள் பாதையில் கிடந்த மற்ற வலைகளை, சாயங்காலம் எடுக்க வேண்டியவற்றை, இப்போதே ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வலைகளில் மீன் ஒன்றும் மின்னவில்லை. கடைசி வலையும் ஏறியதும், பரிசலை ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, போ போ என்று கையை வீசினார்.