மூன்று நல்ல முட்டைகள்

பீங்கான் தொழிற்சாலையில் அவளுக்குக் கோப்பை பார்க்கிற வேலை. சூளையிலிருந்து வந்து ஆறிய கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, விளிம்பில் விரலை ஓட்டி, விளக்குக்கு நேரே ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். கோணல், கொப்புளம், மயிரிழை விரிசல் என்று எது இருந்தாலும் கழிவுத் தொட்டிதான். பதினெட்டு வருடமாக இதையே செய்கிறாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளை 'எக்ஸ்ரே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அப்படிப்பட்டவள் வீட்டுக் கொல்லையில் மூன்று கோழி வளர்த்தாள். மூன்றும் ஒரே செம்பழுப்பு, ஒரே உயரம். சில நாள் அவளுக்கே எது எதுவென்று குழம்பிவிடும். முட்டைதான் அடையாளம். ஒருத்தி இடுவது, பிழிந்து உதறாமல் காயப்போட்ட துணி மாதிரி சுருங்கிக் கிடக்கும். அவள் சுருக்கி. இன்னொருத்தியின் முட்டை முழுக்க வேர்க்குரு கிளம்பினாற்போல் பொரிப்பொரியாகச் சுண்ணாம்பு. அவள் பொரிச்சி. மூன்றாமவள் இடுவது ஒல்லியாக நீண்டு, முட்டை அட்டையில் உட்காராமல் சாயும். அவள் நெட்டச்சி.

தொழிற்சாலையாக இருந்தால் மூன்றையும் யோசிக்காமல் தூக்கிப் போட்டிருப்பாள். வீட்டிலோ முட்டையைக் கையில் உருட்டிக்கொண்டு, "என்னடி, இன்னிக்கும் இஸ்திரி போடாம அனுப்பிட்டே?" என்று சுருக்கியிடம் நியாயம் கேட்பாள்.

பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் உள்ளே சீழ் பிடித்துவிட்டது. மூன்று நாளில் திரும்ப வேண்டியவள் இருபத்து மூன்று நாள் படுத்துக் கிடந்தாள். எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிற புருஷன், காலையில் வயர் பையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். கல்லூரியில் படிக்கிற மகள் மத்தியானம் ஃபிளாஸ்க்கில் சூப் கொண்டு வருவாள். குடிக்க ஆரம்பிக்கும் முன்பே இவள் கேட்டுவிடுவாள்:

"சுருக்கி இட்டாளா?"

"இட்டுச்சும்மா. இன்னிக்கு ரொம்ப மோசம். தண்ணியில ஊறின விரல் மாதிரி இருக்கு."

"நெட்டச்சி?"

"அவளா? சமையல்கட்டு வாசல் வரைக்கும் வந்து கழுத்தை நீட்டிப் பாத்துட்டுப் போறா. உன்னைத்தான் தேடுறா போல."

தையல் இழுக்குமே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரியிடமும் அதைச் சொன்னாள். அன்றைக்குச் சூப்பை ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் கொல்லைக்குப் போனாள். கோழிகள் அவளைக் கண்டதும் வேலியோரமாக ஒதுங்கின. கையில் தானியத்தை வைத்து நீட்டியும் கிட்டே வரவில்லை.

"மூணு வாரம் ஆச்சுல்ல. கோழிக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்?" என்றான் புருஷன்.

நான்கு நாள் கூட்டில் முட்டையே இல்லை. "நேத்து வரைக்கும் இட்டுச்சும்மா" என்றாள் மகள் முதல் நாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை வைக்கோலில் மூன்று முட்டை இருந்தன. ஒன்றை எடுத்து விரலை ஓட்டினாள். வழவழவென்று போனது. அடுத்ததும் அப்படித்தான். மூன்றாவதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சுருக்கமில்லை, பொரியில்லை, நீளமில்லை. மூன்றுமே முதல் தரம்.

கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். புருஷனும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இது யாரு இட்டது?"

"யாரு இடுவா, கோழிதான்" என்றான் அவன்.

"எந்தக் கோழி?"

"நல்ல தீனி போட்டோம்ல. அதான் எல்லாம் ஒழுங்கா இட ஆரம்பிச்சிடுச்சு."

அவள் மகளைப் பார்த்தாள். மகளின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"நீ சொல்லு."

"அப்பா, சொல்லிடலாம்பா."

துண்டு துண்டாக வெளியே வந்தது. நல்லா தெம்பா சூப் வச்சுக் குடுங்க என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கறிக்கடை ஊரின் அந்தக் கோடியில். அவனுக்குப் புதுக் கட்டடத்தில் வேலை, நகர முடியாது. வீட்டிலேயே கோழி இருக்கிறதே என்று ஆரம்பித்திருக்கிறான். முதல் வாரம் நெட்டச்சி. அடுத்த வாரம் பொரிச்சி. கடைசியில் சுருக்கி. அவள் வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் சந்தையில் அதே நிறத்தில் மூன்று பார்த்து வாங்கி விட்டிருக்கிறார்கள்.

"உனக்காகத்தானே பண்ணேன்? நானா தின்னேன்?" என்று அவன் குரலை உயர்த்தினான். "ஒரு வாய் தொட்டிருப்பேனா, கேளு அவளை!"

அவள் எழுந்து குழாயடிக்குப் போனாள். குமட்டியது, எதுவும் வரவில்லை. தையல் போட்ட இடம் சுரீரென்று இழுத்தது. மகள் பின்னாலேயே வந்து முதுகைத் தடவினாள்.

"சொன்னா நீ குடிச்சிருக்க மாட்டேம்மா. எலும்பும் தோலுமா கிடந்தே."

"குடிச்சிருக்க மாட்டேன்தான். சரி, கொன்னீங்க. வாசல்ல வந்து கழுத்தை நீட்டிப் பாக்குறான்னு சொன்னியே, அது எதுக்கு?"

மகள் இன்னொரு கையால் குழாயைத் திறந்துவிட்டாள்.

"நீ கேட்டே... சொன்னதும் சிரிச்சே. அதான் தினம் ஒண்ணு சொன்னேன்."

அவள் மகளின் கையை முதுகிலிருந்து எடுத்துவிட்டாள். புருஷனைப் பற்றி அவளுக்குத் தெரியும். அவனுக்கு அது என்றைக்கும் வெறும் கோழிதான். ஆனால் மகள், அதே நெட்டச்சியை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முகம் மாறாமல் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். நானும் தினம் அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வாங்கியிருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. அவன் கோழிக்கூட்டுக்குப் புதுக் கதவு போட்டுக் கொடுத்தான். அவள் புதுக் கோழிகளுக்கு வேளாவேளைக்குத் தீனி வைத்தாள். அதுங்க என்ன தப்பு பண்ணிச்சு? ஆனால் பேர் வைக்கவில்லை. பிறகு வேலைக்குப் போகத் தொடங்கினாள். மெல்ல மெல்ல வீட்டில் பேச்சும் திரும்பியது.

ஒரு சாயங்காலம் மகள் ஃபோன் செய்தாள்.

"எப்பவும் போற ஃப்ரெண்டு வீட்டுலதான் படிச்சிட்டிருக்கேம்மா. ஏழு மணிக்குள்ள வந்துடுறேன்."

"சரிம்மா."

ஃபோனை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். இரண்டு துணி மடித்தாள். திரும்பி வந்து அந்தச் சிநேகிதியின் அம்மாவைக் கூப்பிட்டாள். மகள் பிறந்து இந்தப் பத்தொன்பது வருடத்தில் இப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை.

"ஆமாங்க, இங்கதான் இருக்கா. கூப்பிடட்டுமா?"

"வேணாங்க, சும்மாதான் கேட்டேன்."

வைத்த பிறகும் அங்கேயே நின்றாள். அந்த அம்மாவின் குரலில் ஏதாவது தடுமாற்றம் இருந்ததா என்று யோசித்துக்கொண்டே.