ஐந்தாவது ஆளின் துப்பாக்கி

ஹாலிஸ் டாக்கெட்டுக்கு முகங்கள் மேல் நம்பிக்கை கிடையாது. பழைய போட்டோ எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் முதலில் முகத்தை மறைப்பார். அதற்கென்றே ஒரு தபால் அட்டையின் நடுவில் சதுரமாக ஓட்டை வெட்டி வைத்திருந்தார். அந்த ஓட்டை வழியாகத் துப்பாக்கியை மட்டும் பார்ப்பார். கேட்டால், "மீசையப் பாத்தா எல்லாவனும் நம்ம தாத்தா மாதிரிதான் தெரிவான். துப்பாக்கிக்கு மீசை கெடையாது" என்பார்.

அவர் மனைவி வெர்டெல்லுக்கு அந்த அட்டையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். குதிரை மேலேயே வளர்ந்தவள். படத்தில் முதலில் குதிரை, பிறகு சேணம், வார், கடிவாளம், கடைசியாகத்தான் மனிதன். எழுபத்தொரு வயதிலும் அதே வரிசைதான்.

ஹார்க்கர் ஊரின் பழைய ஜெயில்தான் இப்போது மியூசியம். சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மேஜை, ஒரு பூதக்கண்ணாடி, வெர்டெல் செய்த பீக்கன் பருப்பு கேக். பெக்கோஸ் ஆற்றின் இரு பக்கத்துக் குடும்பங்களும் பரணைக் கிளறி எடுத்த படங்களோடு வருவார்கள். அந்தக் காலத்து ஷெரிஃப், அவருக்குக் கீழே வேலை பார்த்த டெபுடி, ரேஞ்சர் என்று மீசை முறுக்கிய ஆட்கள். படம் எந்த வருஷத்தது என்று துப்பாக்கியை வைத்து ஹாலிஸ் சொல்வார். ஆள் எந்தப் பக்கத்து ஆள் என்று சேணத்தை வைத்து வெர்டெல் சொல்வாள். இரண்டும் ஒத்துப்போகிற நாள் அபூர்வம். ஒத்துப்போகாத நாளில் வந்தவர்கள் கேக்கைச் சாப்பிட்டபடி சண்டையை வேடிக்கை பார்ப்பார்கள். அந்தச் சண்டைக்காகவே வருகிற கூட்டமும் உண்டு.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை எலோயிசா உர்கிதி வந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், அறுபது தாண்டியவள். வரும்போதே முகம் உர்ரென்று இருந்தது. காரணம் ஊருக்கே தெரியும். பணியில் உயிர்விட்ட சட்டக் காவலர்களின் பெயர்களைப் பொறித்துக் கோர்ட் வாசலில் கல் நாட்டப் போகிறார்கள். திங்கட்கிழமை, வட்டார நிர்வாகமான கவுண்டி சபை பட்டியலை முடிவு செய்யும். எலோயிசாவின் கொள்ளுத்தாத்தா கிரிசாந்தோ உர்கிதியின் பெயர் அதில் இல்லை.

1893இல் திருட்டுப்போன குதிரைகளைத் தேடிப் போன கிரிசாந்தோ திரும்பவே இல்லை. அவரே குதிரைகளை ஓட்டிக்கொண்டு ஆறு தாண்டிவிட்டார் என்றது ஊர். பதினெட்டு வருஷம் கழித்து ஒரு வறண்ட ஓடையில் எலும்பாகக் கிடைத்தார், முதுகெலும்பில் குண்டோடு. அப்போதாவது ஊர் வாயை மூடியதா? திருடனைத் திருடன் சுட்டிருப்பான் என்று சொல்லிவிட்டது. அவர் டெபுடி என்று காட்ட ஒரே ஒரு சாட்சிதான் மிச்சம்: ஷெரிஃபோடு சேர்ந்து ஐந்து பேர் நிற்கிற ஒரு படம். ஓரத்தில் நிற்கும் ஐந்தாவது ஆளின் மார்பில் பேட்ஜ் இருக்கிறது. அந்த ஆள் கிரிசாந்தோ இல்லை என்று அடித்துச் சொன்னவர் யார் தெரியுமா? சாட்சாத் நம் ஹாலிஸ்தான். 1998இல் அவர் எழுதிய கவுண்டி வரலாற்றில், நாற்பத்தோராம் பக்கத்தில். ஐந்தாவது ஆள் பிடித்திருப்பது 1894ஆம் வருஷத்து வின்செஸ்டர் துப்பாக்கி. 1893இல் செத்தவர் கையில் அது எப்படி வரும்? ஊரே தலையாட்டியது. உர்கிதி வீட்டுப் பிள்ளைகளைக் குதிரைத் திருடன் பிள்ளைகள் என்று கேலி செய்ய அச்சடித்த ஆதாரமும் கிடைத்தது.

எலோயிசா துண்டில் சுற்றிய ஒரு பழைய படச் சட்டத்தை மேஜை மேல் வைத்தாள்.

"மிஸ்டர் டாக்கெட், இது எங்க வீட்டுப் படம். உங்க புத்தகத்துல இருக்கறது பேப்பர்ல வந்ததோட நகலு. இது அசல். பின்னாடி பென்சில்ல அஞ்சு பேரு பேரும் எழுதியிருக்கு."

"பேர யாரு வேணா எப்ப வேணா எழுதலாம் மேடம்."

"நீங்க எழுதின மாதிரியா?"

வெர்டெல் சிரிப்பைக் கேக்கோடு சேர்த்து விழுங்கினாள். ஹாலிஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இத அப்பவே ஏன் கொண்டு வரல?"

"யாரு கேட்டீங்க? இந்த ஊர்ல எங்க வீட்டுக் கதவ யாரு தட்டினீங்க?"

ஹாலிஸ் தன் அட்டையை எடுத்துப் படத்தின் மேல் வைத்தார்.

"பாருங்க. ஆளு பவுசு காட்ட, விசைக்குக் கீழ இருக்கற லீவரத் தெறந்து புடிச்சிருக்கான். லீவர் எறங்கும்போது துப்பாக்கியோட அடித்தகடும் கூடவே தொங்குது, கருப்பா தெரியுதே, இது. அப்படித் தொங்கறது தொண்ணூத்திநாலுல மட்டும்தான். அதுக்கு முந்தின தொண்ணூத்திரெண்டு மாடல்ல அடி அசையாது. படம் தெளிவா இருந்தா மட்டும் வருஷம் மாறிடுமா?"

எலோயிசாவின் முகம் விழுந்துவிட்டது. வெர்டெல்லுக்குப் பொறுக்கவில்லை. சட்டத்தைத் திருப்பி ஆணிகளை நெம்பிப் படத்தை வெளியே எடுத்தாள். சட்டத்துக்குள் மறைந்திருந்த ஓரம் இரண்டு விரல் அகலம் இருந்தது. அங்கே ஐந்தாவது ஆளின் குதிரை.

"அடியாத்தி! ஒரே ஒரு வயித்து வாரு. மத்த நாலு குதிரைக்கும் ரெண்டு. சேணத்துக் கொம்பப் பாரு ஹாலிஸ், சாப்பாட்டுத் தட்டு அகலம். இது ஆத்துக்குத் தெக்க செஞ்ச சேணம், உர்கிதி வீட்டு மாதிரி அந்தப் பக்கத்து ஆளுங்களோடது. நம்ம ஆளுங்க இதுல ஏறவே மாட்டானுங்க."

"எவன்கிட்டயாவது எரவல் வாங்கியிருப்பான்."

"துப்பாக்கிய வேணா எரவல் குடுப்பான். சேணத்த எவன்யா குடுத்தான் இந்த கவுண்டில?"

"சேணத்துக்குத் தேதி கெடையாதுடி. துப்பாக்கிக்கு இருக்கு."

"அப்ப அந்த அட்டைய எடு."

"எதுக்கு?"

"எடுன்னா எடு."

எடுத்தார். ஓட்டைக்குள் இரும்பாகத் தெரிந்த அந்தக் கருப்புத் துண்டு, அட்டை விலகியதும் மேலே ஏறியது. லீவரைத் தாண்டி, விரல்களுக்குப் பின்னால் போய், மணிக்கட்டில் ஒரு வளையமாக முடிந்தது.

"இது இரும்பு இல்ல, தோலு. மணிக்கட்டுல மாட்டின சவுக்கு. குதிரைய விட்டு எறங்கினவன் அதக் கழட்டாம நின்னிருக்கான். அதோட வாலு தொங்குது, அவ்வளவுதான்."

ஹாலிஸ் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். நிமிரவே இல்லை. காது மடல் மட்டும் சிவந்துகொண்டே போனது. கடைசியில், "நான் வீட்டுல துப்பாக்கிய வெச்சுப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

"இதுக்கு என்ன அர்த்தம் மிஸ் வெர்டெல்?"

"அவருக்கு இதுவே பெரிய பேச்சு கண்ணு."

அப்படிச் சொன்னாளே தவிர, வெர்டெல்லுக்கு நெஞ்சு குறுகுறுத்தது. 1998இல் அச்சுக்குப் போகும் முன்பே இந்தப் பக்கத்தைப் படித்து, இது ஏதோ தோல் மாதிரி இருக்கிறதே என்று ஒரு வார்த்தை சொன்னவள் அவள்தான். "நீ நெலாவப் பாத்தாலும் தோலுன்னுதான் சொல்லுவ" என்று ஹாலிஸ் சிரித்தார். அடுப்பில் ஏதோ கிடந்தது, அவளும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் ஹாலிஸ் அலமாரியைத் திறந்து இரண்டு துப்பாக்கிகளையும் எடுத்தார். தொண்ணூத்திநாலு அவர் அப்பாவுடையது. தொண்ணூத்திரெண்டு ஏலத்தில் எடுத்தது.

"வெர்டெல், எட்ட நின்னு பாக்க உசரமா வேணும். அந்தப் பொட்டக் குதிரை மேல ஏறுறியா?"

"இந்த முட்டியோடயா? ஏணி கொண்டா."

ஏணி கொண்டுவரவில்லை, பால் கேனைக் கவிழ்த்துப் போட்டார். முனகிக்கொண்டே ஏறினாள். சவுக்கை மணிக்கட்டில் மாட்டினாள். காலியான தொண்ணூத்திரெண்டை வாங்கி லீவரைத் திறந்து பிடித்தாள். ஹாலிஸ் முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போய் அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"கையக் கொஞ்சம் எறக்கு."

"எறக்கினா நானே எறங்கிடுவேன். சீக்கிரம் பாருய்யா."

பார்த்தார். அட்டை வழியாகப் பார்த்தார், அட்டை இல்லாமல் பார்த்தார், மறுபடி அட்டை வழியாகப் பார்த்தார்; சவுக்கின் வால் அசல் தகடுபோலவே தொங்கியது. பிறகு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். வெர்டெல் தானே தட்டுத்தடுமாறி இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாத்துலயும் எங்கப்பாவோட துப்பாக்கியத்தான் பாத்திருக்கேன். அந்த மனுஷன நான் கொன்னுட்டேன்டி."

"அவர அப்பவே கொன்னுட்டாங்க. நீ அவரோட பேட்ஜக் கழட்டின."

ஹாலிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சபை ஜட்ஜுக்கு ஒரு லெட்டர் எழுதிப் போட்டுட்டா?"

"புத்தகத்த எங்க படிச்சுக் காட்டின? ஊரு நடுவுல. இதையும் அங்கயே போய்ச் சொல்லு."

"சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டுமே. நாப்பத்தாறு வருஷமா நான் சிரிக்கல? செத்தா போயிட்ட?" அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் அன்னிக்கு இன்னொரு தடவ சொல்லாம விட்டேன் ஹாலிஸ். உன் ஒருத்தன் தலையில மட்டும் இது இல்ல."

இந்த மனிதனைத் திட்டலாம், கிள்ளலாம், ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருக்கலாம். ஆனால் இப்படித் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பதை மட்டும் அவளால் பார்க்க முடியாது. பாழாய்ப்போன பாசம்.

திங்கட்கிழமை காலை கவுண்டி சபையில் கூட்டம் நிறைய. சபைக்குத் தலைமை தாங்கும் ஜட்ஜ் ஆர்டித் மங்க்ரீஃப் நடுவில், நான்கு உறுப்பினர்கள் பக்கத்தில். எலோயிசா கடைசி வரிசையில், மடியில் துண்டில் சுற்றிய படம். ஹாலிஸ் எழுந்தபோது, வழக்கம்போல் துப்பாக்கிக் கதை சொல்லப் போகிறார் என்று எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"நாப்பத்தோராம் பக்கம் தப்பு" என்றார்.

"எதுல தப்பு ஹாலிஸ்? எழுத்துப் பிழையா?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார்.

"நான் தப்பு."

ஒருவர் களுக்கென்று சிரித்தார். பின் வரிசையில் இன்னும் இரண்டு பேர். ஹாலிஸ் பேச்சை நிறுத்தவில்லை. தோலைத் தகடு என்று எழுதியதைச் சொன்னார். ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு முழுப் படத்தைப் பார்க்காததைச் சொன்னார். கையில் இருந்தது தொண்ணூத்திரெண்டு, அது கிரிசாந்தோ உயிரோடு இருந்தபோதே கடையில் கிடைத்தது, அந்தச் சேணம் ஆற்றுக்குத் தெற்கே செய்தது, படத்தின் பின்னால் இருக்கும் பெயர் சரி. எல்லாவற்றையும் சொன்னார்.

"சவுக்குன்னு யாரு கண்டுபிடிச்சது?" ஜட்ஜ் கேட்டார்.

"என் பொண்டாட்டி. அன்னிக்கே சொன்னா. நான் சிரிச்சேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. வெர்டெல் கைக்குட்டையைத் தேடினாள். சனியன், கைப்பையில் எப்போதும் இருப்பது அன்றைக்குப் பார்த்து இல்லை.

ஜட்ஜ் பேனாவை எடுத்தார். "கல்லுல பேருக்கு முன்னாடி என்னன்னு போடறது?"

"டெபுடி ஷெரிஃப்."

வாக்கெடுப்பு. ஐந்து கைகளும் உயர்ந்தன.

வெளியே படிக்கட்டில் ஹாலிஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எலோயிசாவுக்காகக் காத்து நின்றார். வெர்டெல் இரண்டடி தள்ளி நின்றாள். எலோயிசா வந்தாள். நன்றி சொல்லவில்லை.

"உங்க புத்தகம் வந்தப்ப எங்கப்பாவுக்கு எழுபத்திமூணு வயசு. அந்த ஒரு பக்கத்த மட்டும் படிச்சாரு. அப்பறம் பதினஞ்சு வருஷம் உயிரோட இருந்தாரு மிஸ்டர் டாக்கெட். பதினஞ்சு வருஷம். நீங்க ஒரே ஒரு தடவ வந்து, படம் இருக்கான்னு கேட்டிருந்தா, அவரு இதக் காதால கேட்டிருப்பாரு."

வெர்டெல்லுக்கு ஓடிப்போய்க் குறுக்கே நிற்க வேண்டும் போலிருந்தது. நிற்கவில்லை. இது ஹாலிஸ் வாங்கவேண்டியது. அவர் வாங்கிக்கொண்டார். பிறகு, "உங்கப்பா எங்க இருக்காரு?" என்று கேட்டார்.

"மேக்க, பழைய கல்லறையில."

"கூட்டிட்டுப் போறீங்களா? அவர்கிட்டயும் நானே சொல்லணும்."

எலோயிசா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பிக்கப்பின் கதவைத் திறந்துவிட்டாள்.

மூன்று பேரும் முன் சீட்டிலேயே நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். கல்லறையில் முள்செடிகளுக்கு நடுவே ரேமுண்டோ உர்கிதி என்று எழுதிய சிமெண்டுப் பலகை. ஹாலிஸ் தொப்பியைக் கழற்றினார். வெர்டெல் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"மிஸ்டர் உர்கிதி, நான் ஹாலிஸ் டாக்கெட்" என்று மெதுவாக, சர்ச்சில் பேசுவதுபோல ஆரம்பித்தார். "உங்க தாத்தாவப் பத்தி நான் எழுதினது..."

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள் எலோயிசா. அவள் குரல் உடைந்திருந்தது. "அப்பாவுக்குக் காது கேக்காது."

ஹாலிஸ் ஒரு முறை மூச்சை இழுத்துக்கொண்டார். "உங்க தாத்தா டெபுடி ஷெரிஃப்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். "திருடன் இல்ல! டெபுடி! நான்தான் தப்பா எழுதினேன்!"

வேலிக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. எலோயிசா சிமெண்டுப் பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை என்று சொன்னாள். அவர் மறுபடியும் கத்தினார்.